போர் தண்ணீர் கடினமா, கரிப்பா? சாஃப்ட்னர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீரையும் நாம் ‘உப்புத் தண்ணி’ என்கிறோம். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீருக்கும் அதே பெயர்தான். முதலாவது கடினநீர், கால்சியமும் மக்னீசியமும் அதிகம். இரண்டாவதில் பெரும்பாலும் சாதாரண உப்பு அதிகம். கடினநீரை மென்னீராக்கும் கருவியான சாஃப்ட்னர் முதலாவதைத்தான் சரிசெய்யும். கரிப்பு அப்படியே இருக்கும். இது தெரியாமல் வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் நிறைய.

படி 1: சோதனை

டிடிஎஸ் மீட்டரை நம்பி இறங்காதீர்கள். அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்தன்மைக்கென்றே சோதனை கிட் கிடைக்கிறது. அதில் சொன்ன அளவு தண்ணீர் எடுத்து, நிறங்காட்டியைச் சேர்த்தால் திராட்சை ரசம் போலச் சிவக்கும். அப்புறம் அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கிக்கொண்டே எண்ணுங்கள். ஊதாவாகும்போது அவசரப்படாமல், தெளிந்த நீலம் வரும்வரை விட வேண்டும். சொட்டுக் கணக்குக்கான அட்டவணை கிட்டிலேயே இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை.

படி 2: கொதிக்க வைத்துப் பாருங்கள்

ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி தற்காலிகமானது. தெளிந்ததை மேலாக வடித்துச் சமைக்கலாம். குளிக்கிற தண்ணீரை இப்படிக் காய்ச்சிக் கட்டுப்படியாகாது.

படி 3: சாஃப்ட்னர்

உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். தோராயமாக ஒரு லிட்டர் ரெசின் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்கள் தண்ணீர் 500 என்றால் லிட்டருக்கு அரை கிராம். ஆக, 10 லிட்டர் ரெசின் ஆயிரம் லிட்டர் தாங்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாள் வந்தால் பெரிது.

அதன் பிறகு ரீஜெனரேஷன், அதாவது உப்புநீர் விட்டு ரெசினை மறுபடி தயாராக்குவது. முதலில் பேக்வாஷ், தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசுவது. அப்புறம் ஒன்றரை கிலோ உப்பை 15 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரத்தில் மெதுவாக ரெசின் வழியே போகவிடுங்கள். கரிப்பு போகும்வரை அலசி, கிட்டில் மறுபடி சோதியுங்கள். முதல் சொட்டிலேயே நீலமானால் சரி. தண்ணீரில் இரும்பு இருந்தால் முன்னால் இரும்பு ஃபில்டர் வேண்டும். இல்லாவிட்டால் ரெசின் கெட்டுவிடும்.

படி 4: குடிக்க ஆர்ஓ

கரிப்பும் இருந்தால், கரைந்த உப்பையும் வடிகட்டும் ஆர்ஓதான் வழி. ஆனால் சமையலறைக்கு மட்டும். வீடு முழுக்க வைத்தால் கழிவாகப் போகும் தண்ணீருக்கு அளவே இராது. குழாயில் மாட்டும் காந்தப் பட்டையில் நான் காசு போட மாட்டேன், அது கால்சியத்தை எடுப்பதில்லை.

சாஃப்ட்னர் விடும் சோடியம் செடிகளுக்கு ஆகாது, தோட்டத்துக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். ரீஜெனரேஷன் கழிவு நீரையும் வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ விடாதீர்கள்.