லிங்க்ட்இன்னில் பையர் தேடும் திருப்பூர் யூனிட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“டியர் சார், வீ ஆர் லீடிங் மேனுஃபேக்சரர் அண்ட் எக்ஸ்போர்ட்டர் ஆஃப் ஆல் டைப்ஸ் ஆஃப் நிட்டட் கார்மென்ட்ஸ். பெஸ்ட் குவாலிட்டி, பெஸ்ட் பிரைஸ். கைண்ட்லி கிவ் அஸ் ஆர்டர்.”

ஹாம்பர்க்கிலோ மான்செஸ்டரிலோ ஓர் ஆடை நிறுவனத்தின் சோர்சிங் (சப்ளையரைத் தேடிச் சரக்கு வாங்கும்) பிரிவில் இருப்பவர் லிங்க்ட்இன்னைத் திறந்தால் இந்த மாதிரி மெசேஜ்தான் வரிசையாக நிற்கும். திருப்பூரிலிருந்து, டாக்காவிலிருந்து, கராச்சியிலிருந்து வருபவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வாசகம். அவற்றில் சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுக்கிற யூனிட் எது, நேற்று ஆரம்பித்து நாளை மூடப்போகிற யூனிட் எது என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தனக்கு ஏற்கெனவே தெரிந்த சப்ளையரிடமே போய்விடுவார்.

திருப்பூரில் நல்ல வேலை தெரிந்த சின்ன யூனிட்கள் ஏராளம். முப்பது, நாற்பது மெஷின் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை செய்வார்கள். நேரடி ஆர்டர் எடுக்கும் தகுதி கையில் இருக்கும், கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. முன்பெல்லாம் வழி, வெளிநாட்டு பையருக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் பையிங் ஹவுஸ், இல்லையென்றால் கண்காட்சி. 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன், காசு செலவில்லாமல் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவைத் தவறாகத் தட்டியே பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இவற்றில் பெரும்பாலான தவறுகளைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூட ஆகாது.

எல்லாம் செய்வோம் என்று சொல்வது

ஆர்டரை விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில்தான் “ஆல் டைப்ஸ்” என்று எழுதுகிறோம். பையருக்கு அது வேறு மாதிரி கேட்கும். எல்லாம் செய்வதாகச் சொல்பவர் எதையும் சொந்தமாகச் செய்வதில்லை, ஆர்டர் வாங்கி வெளியே கொடுக்கும் இடைத்தரகர் என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு வேண்டியது திட்டவட்டமான தகவல். என்ன உடை, எந்த வயதினருக்கு, துணி சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா, எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை), ஒரு கலருக்குக் குறைந்தது எத்தனை பீஸ், சாம்பிள் ஓகே ஆனபின் எத்தனை நாளில் ஷிப்மென்ட், கட்டிங்கும் தையலும் செக்கிங்கும் ஒரே கூரையின் கீழா. இவ்வளவையும் எளிய ஆங்கிலத்தில் ஆறேழு வரியில் எழுதிவிடலாம். பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்துவரை இடம் உண்டு. அதில் “மேனேஜிங் டைரக்டர்” என்று மட்டும் போட்டு விட்டுவிடுவது பெரிய வீண். “திருப்பூர், 0–3 வயதுக் குழந்தை உடைகள், இன்டர்லாக் மற்றும் ரிப், சிறிய ஆர்டரும் எடுப்போம்” என்ற பொருளில் எழுதினால், செல்போனில் பார்க்கிறவருக்கும் ஒரே நொடியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். குறைந்தபட்ச ஆர்டர் அளவு சின்னதாக இருப்பதை மறைக்கவே வேண்டாம். ஐரோப்பாவில் புதிதாக பிராண்ட் ஆரம்பிப்பவர்கள் தேடுவதே அப்படிப்பட்ட யூனிட்டைத்தான்.

இதே இடத்தில் நடக்கும் இன்னொரு தவறு ஆபத்தானது. இல்லாத சான்றிதழை இருப்பதாகப் போடுவது. ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் மில்லும் சாயப்பட்டறையும் அந்தச் சான்று வைத்திருப்பதால் மட்டும் நம் பனியன் காட்ஸ் பனியன் ஆகிவிடாது. தைக்கும் யூனிட்டும் அந்தச் சங்கிலிக்குள் வந்தாக வேண்டும். யாரிடம் சான்று இருக்கிறது என்பதை அந்த அமைப்பின் இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பொய் என்று தெரிந்த நிமிடத்தோடு அந்த உறவு முடிந்தது. “நாங்கள் இன்னும் சான்று எடுக்கவில்லை, சான்று பெற்ற துணியை வாங்கித் தைத்த அனுபவம் இருக்கிறது” என்று சொல்பவரிடம் பையர் தொடர்ந்து பேசுவார்.

ஏற்றுக்கொண்ட மறுநிமிடமே விலைப்பட்டியல்

லிங்க்ட்இன்னில் தொடர்பில் சேர நாம் அனுப்பிய அழைப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்றால், “சரி, இருக்கட்டும்” என்றார், அவ்வளவுதான். உடனே கேட்லாக், கம்பெனி வீடியோ, விலை, “எப்போது பேசலாம்?” என்று அடுக்கினால் அவர் விலகிப்போவார். கல்யாணத்தில் அறிமுகமான ஒருவரிடம் கையைக் குலுக்கியதுமே கடன் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதல் செய்தி சின்னதாக இருக்கட்டும். “நீங்கள் குழந்தைகள் உடைப் பிரிவைப் பார்த்துக்கொள்வதைக் கவனித்தேன். நாங்கள் திருப்பூரில் அந்த உடைகளை மட்டுமே தைக்கிறோம். தொடர்பில் இருக்க விரும்புகிறேன்.” இது போதும். அப்புறம் அவர் எதைப் பற்றி எழுதுகிறார், எந்தத் துணியைப் பற்றிக் கேட்கிறார் என்று பாருங்கள். ரிப் கழுத்து துவைத்தபின் தொளதொளவென்று ஆகிவிடுகிறது என்று ஒருவர் எழுதினால், அதற்கு லைக்ரா கலவை எப்படி உதவும் என்று தெரிந்தவர் நாம்தான். இரண்டு வரியில் பதில் எழுதலாம். பெருமை பேச வேண்டாம், விற்கவும் வேண்டாம். வேலை தெரிந்தவர் யார் என்று அங்கேயே அவருக்குப் புரிந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் இன்வைட் அனுப்புவது நேரடியாகவே கெடுதல். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று லிங்க்ட்இன் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நிறையப் பேர் கண்டுகொள்ளாமல் விட்டாலோ “இவரைத் தெரியாது” என்று சொன்னாலோ கணக்கைக் கட்டுப்படுத்திவிடும். அனுப்பியதைத் திரும்பப் பெற்றால், அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம்வரை காத்திருக்க வேண்டும். தானாக இன்வைட் அனுப்பும் மென்பொருள்களை லிங்க்ட்இன் விதிகள் அனுமதிப்பதில்லை. “பத்தாயிரம் ஐரோப்பிய பையர்களின் இமெயில்” என்று யாராவது பட்டியல் விற்றால் வாங்காதீர்கள். ஐரோப்பாவில் 2018 மே முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக இருக்கிறது. எங்கிருந்து என் முகவரி கிடைத்தது என்று அவர் கேட்டால், சொல்ல நம்மிடம் பதில் இருக்காது.

பையரை மட்டுமே தேடுவது

என் பார்வையில் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். லிங்க்ட்இன்னில் நம் ஆட்கள் தேடுவது “பையர்”, “சோர்சிங் ஹெட்”, “டைரக்டர்” என்ற மூன்று பெயர்களை. திருப்பூரிலேயே பையிங் ஹவுஸில் உட்கார்ந்து ஆர்டர் வேலைகளைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசரையும், ஃபேக்டரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும் க்யூசியையும் (தரம் பார்ப்பவரையும்) தொடர்பில் சேர்த்துக்கொள்ளத் தோன்றுவதில்லை.

இந்தத் தொழில் எப்படி நகர்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்று அவிநாசி ரோட்டில் ஒரு பையிங் ஹவுஸில் ஜூனியராக இருக்கும் பெண், சில வருடங்களில் பெங்களூரில் ஒரு வெளிநாட்டு பிராண்டின் லயசன் ஆபீஸுக்கு (இங்குள்ள தொடர்பு அலுவலகத்துக்கு) போவார். அங்கே புது சப்ளையர் வேண்டும் என்ற பேச்சு வரும்போது அவர் மனதில் முதலில் வருவது, போன் எடுத்து உண்மையைச் சொன்ன யூனிட்தான். சாயத்தில் ஷேடு மாறிவிட்டது என்பதை ஷிப்மென்டுக்கு முதல் நாள்வரை மறைக்காமல், தெரிந்த அன்றே சொன்ன யூனிட். அவரோடு வேலை முடிந்த பிறகும் தொடர்பு அறுந்துபோகாமல் வைத்துக்கொள்ளத்தான் இந்தத் தளம். வேலை மாறியதைப் பார்த்து ஒரு வாழ்த்துச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், அறிமுகங்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்திருந்தார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற, அரிதாகப் பார்க்கிற ஆட்களிடமிருந்தே தகவல் வந்திருந்தது. 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன்னிலேயே 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தது. மிக நெருங்கியவர்களைவிட, ஓரளவு தூரத்தில் இருக்கும் அறிமுகங்களே வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று தெரியவந்தது. இரண்டும் வேலை தேடுவதைப் பற்றியவை. ஆனால் காரணம் ஆர்டருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நமக்கு நெருக்கமானவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். புதுச் செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும்.

பக்கத்து யூனிட்டையும் போட்டியாக மட்டுமே பார்க்க வேண்டாம். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று கை மாறித்தானே திருப்பூர் வளர்ந்தது? சீசனில் கொள்ளளவு நிரம்பியவர் மிச்ச ஆர்டரை நம்பிக்கையான ஆளுக்குத்தான் கொடுப்பார். உள்ளாடை மட்டும் செய்பவருக்கு ஹூடி விசாரணை வந்தால் கைகாட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நாம் இருக்கலாம், பதிலுக்கு நாமும் கைகாட்டலாம்.

இதில் ஓர் எல்லை உண்டு. தெரிந்தவர் என்பதற்காக மெர்ச்சண்டைசரிடம் “உங்கள் பையர் என்ன விலை கொடுக்கிறார், யாருக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்?” என்று கேட்கக் கூடாது. சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் நம் உறவு போகும்.

ஓடுகிற ஆர்டரைப் படம் பிடித்துப் போடுவது

லைனில் நல்ல ஆர்டர் ஓடுகிறது, பெரிய பிராண்ட் லேபிள் தெரிகிறது. பெருமையில் ஒரு வீடியோ எடுத்துப் போஸ்ட் பண்ணத் தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். கடைக்கு வராத டிசைன் அது. பல பையர்கள் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வாங்காதவருக்கும் கோபம் வரும். அதைவிட மோசம், புதிதாக நம்மைப் பார்க்க வரும் இன்னொரு பையர், “நாளைக்கு என் டிசைனும் இப்படித்தான் வெளியே போகும்” என்று முடிவு செய்துவிடுவார்.

காட்ட வேறு நிறைய இருக்கிறது. துணி இன்ஸ்பெக்‌ஷன் மேஜை, ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி ஒட்டிவைக்கும் பதிவேடு, மெட்டல் டிடெக்டர், ஜிஎஸ்எம் கட்டர், சொந்தமாகச் செய்த சாம்பிள். குழந்தை உடை வாங்குகிறவருக்கு அந்த ஊசிப் பதிவேட்டின் ஒரு படம், நூறு விளம்பர வரிகளைவிட அதிகம் சொல்லும். படத்தில் பணியாளர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சரிபார்க்காமல் நம்புவது

ஆன்லைனில் பழகியவர் எல்லோரும் உண்மையானவர்கள் அல்ல. முதல் மெசேஜிலேயே லட்சம் பீஸ் ஆர்டர், விலையில் பேரமே இல்லை, ஆனால் “வெண்டர் பதிவுக் கட்டணம்” மட்டும் முதலில் அனுப்ப வேண்டும் என்றால் அது மோசடி. இங்கிலாந்து நிறுவனம் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். ஜெர்மன் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் முகவரி, பொறுப்பாளர், பதிவு எண் ஆகியவற்றை இம்ப்ரெசும் என்ற பக்கத்தில் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இமெயில் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே வருகிறதா, ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடனுக்குச் சரக்கு அனுப்பும் முன் ஈசிஜிசியிடம் போங்கள். பையர் பணம் தராமல் போனால் ஏற்படும் நஷ்டத்துக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு நிறுவனம் அது, 1957 முதல் இருக்கிறது. “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது” என்று நடுவில் மெயில் வந்தால், ஏற்கெனவே கையில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்து குரலைக் கேட்ட பிறகுதான் எதையும் செய்ய வேண்டும். நம் பெயரில் அப்படி மெயில் போகலாம் என்று பையரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அவர்களும் நம்மைச் சரிபார்ப்பார்கள். ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணை மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டி தளத்திலும், 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்திலும் யாரும் பார்க்கலாம். அங்கே ஒரு முகவரி, லிங்க்ட்இன்னில் வேறு முகவரி என்று இருந்தால் சந்தேகம் வரும்.

மௌனமும் நச்சரிப்பும்

சாம்பிள் போய்ச் சேர்ந்தபின் பதில் இல்லையென்றால் தினமும் “எனி அப்டேட் சார்?” என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். இரண்டு வாரம் பொறுத்து, புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கும்போது எழுதுங்கள். அதே உடையை இன்னும் கனமான துணியில் தைத்துப் பார்த்தோம், நூல் விலை குறைந்திருக்கிறது, இப்படி ஏதாவது.

ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காக ஏஜென்சியை வைத்து முதலாளி பெயரில் பளபளப்பான போஸ்ட் எழுத வைக்க வேண்டாம். வீடியோ காலில் வேறு ஆள் பேசுவது போல இருக்கும். ஜெர்மன்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். சின்னச் சின்ன வாக்கியம், சரியான அளவு, சரியான தேதி இருந்தால் அவர்களுக்குப் போதும்.

விசாரணை வந்தால் ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும், முடியாது என்ற பதிலாக இருந்தாலும். “இந்த ஃப்ளீஸ் ஜாக்கெட் எங்களால் முடியாது, இதை நன்றாகச் செய்யும் யூனிட் ஒன்று தெரியும், அவர்கள் சம்மதித்தால் அறிமுகப்படுத்துகிறேன்” என்று எழுதுங்கள். அடுத்த தடவை குழந்தை உடை தேவைப்படும்போது அவர் தேடிப்பிடித்து மெசேஜ் அனுப்புவார்.