புக்காரெஸ்டில் கம்யூனிஸ்ட் காலத்தைத் தேடி ஒரு நடை: எங்கே தொடங்குவது, கைடிடம் என்ன கேட்பது

ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே நாடாளுமன்ற மாளிகைக்கு ஓடிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பளிங்கு, சரவிளக்கு, கம்பளம் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தேன். எவ்வளவு பெரிய கட்டடம் என்பதைத் தவிர மனதில் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு கைடுடன் ஊரின் நடுவிலிருந்து நடந்து நடந்து, கடைசியாக அதே மாளிகைக்கு முன்னால் போய் நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, யாரெல்லாம் குடியிருந்தார்கள் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஆகவே இந்த நடைக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மாளிகை கடைசியில்.

முதலில் கிளம்புவதற்கு முந்தைய விஷயங்கள். ருமேனியா 2025 ஜனவரியிலிருந்து ஷெங்கன் பகுதியில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது, அதனால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசாவே போதும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நடக்கத் தோதானவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் மாதிரியே அடிக்கும், ஜனவரியில் பனியில் கால் வழுக்கும். நடை நான்கு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நின்று நின்று கேட்டுக்கொண்டே போவதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மாளிகைக்குள் போவதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டின் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஜெராக்ஸ், போன் போட்டோ எல்லாம் காட்டி உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். ஏதாவது அரசு நிகழ்ச்சி இருந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள் என்பதால் ஒரு நாள் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கைடு. அவரைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் பாதி வேலை. குழுவாகச் சேர்ந்து போய் முடிவில் டிப்ஸ் கொடுக்கிற நடைகளும் உண்டு, காசு கட்டித் தனியாக அழைத்துப் போகிறவர்களும் உண்டு. எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் காலத்தில் அவர் பிறந்திருந்தாரா, எங்கே இருந்தார்? ஐம்பது வயதைத் தாண்டியவர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் சாப்பாட்டுச் சாமானுக்காக வரிசையில் நின்றிருப்பார். இளைஞர்கள் மோசம் என்று சொல்லவில்லை, பாட்டி சொன்ன கதையைச் சொல்லும் இளைஞர்களும் அருமையாகச் சொல்வார்கள், ஆனால் அந்தப் பாட்டி நிஜமாக இருக்க வேண்டும். டிராகுலா, கம்யூனிசம், பழைய கடைத்தெரு எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் காட்டுகிறோம் என்று சொல்கிற நடையைத் தவிர்த்துவிடுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கிற குழுவும் வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது.

இன்னொன்று, மனதளவில் ஒரு தயாரிப்பு. நம்மில் பலருக்குச் செங்கொடி என்றால் கீழவெண்மணி ஞாபகம் வரும், கூலி உயர்வுக்காக நின்றவர்கள் ஞாபகம் வருவார்கள். அந்த நினைவு உண்மையானது, அதை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் அங்கே அதே கொடியை வைத்துக்கொண்டு ஒரு கட்சி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆட்சி செய்தது, கடைசி இருபத்து நான்கு வருஷம் நிக்கோலே சௌஷெஸ்கு என்ற ஒருவரின் கையில் நாடே இருந்தது. அதன் கீழ் வாழ்ந்தவர் பேசும்போது வாதம் பண்ணாமல் கேளுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் புரட்சிச் சதுக்கம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. அங்கே முன்னாள் கட்சி மத்தியக் குழுக் கட்டடத்தின் நடுவில் தாழ்வாக ஒரு பால்கனி தெரியும். ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு தாழ்வு. 1968 ஆகஸ்ட் 21 அன்று சௌஷெஸ்கு இங்கிருந்துதான் செக்கோஸ்லோவாக்கியா மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்துப் பேசினார். அன்றைக்குச் சதுக்கத்தில் நின்றவர்கள் மனதாரக் கைதட்டினார்கள். இந்தப் பகுதியைக் கைடு தாண்டிப் போனால் நீங்களே கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கைதட்டலைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்ததைப் புரிந்துகொள்ள முடியாது. 21 வருஷம் கழித்து, 1989 டிசம்பர் 21 அன்று, டிமிஷோவாரா நகரத்தில் ஆட்சியை எதிர்த்துத் திரண்டு சுடப்பட்டவர்களின் செய்தி நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தபோது, அதே பால்கனியில் அவர் மறுபடி நின்றார். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. பேச்சின் நடுவில் கூட்டத்திலிருந்து சத்தம் கிளம்பியது, அவர் பேச்சு நின்றது, கை உயர்ந்தபடியே இருந்தது, ஒளிபரப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி தொடங்கியதும் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கூட்டித் தருவதாகச் சொன்னார். மறுநாள் இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து மனைவி எலெனாவுடன் ஹெலிகாப்டரில் தப்பினார், டிசம்பர் 25 அன்று இருவரும் துர்கோவிஷ்டே என்ற ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஒளிபரப்பின் பதிவு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. போனில் இறக்கி வைத்துக்கொண்டு, பால்கனிக்கு எதிரில் நின்று பாருங்கள்.

சதுக்கத்தை விட்டு அவசரமாகக் கிளம்பாதீர்கள். எதிரே பல்கலைக்கழக மைய நூலகம் இருக்கிறது, 1989 டிசம்பர் சண்டையில் தீப்பிடித்து ஏறத்தாழ ஐந்து லட்சம் புத்தகங்கள் எரிந்துபோன இடம். யாழ்ப்பாணம் நூலகத்தை நினைக்காமல் ஒரு தமிழரால் அங்கே நிற்க முடியாது. பக்கத்துத் தெருவில், இடிந்த பழைய சுவர்களுக்குள்ளிருந்து கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழுந்து நிற்கும். அந்தப் பழைய வீட்டில் இருந்தது செக்யூரிடாடே, அதாவது ரகசியப் போலீஸ். இப்போது கட்டடக் கலைஞர்கள் சங்கம் இருக்கிறது. இங்கே கைடிடம் தட்டச்சு இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். 1983இல் வந்த ஆணைப்படி தட்டச்சு இயந்திரம் வைத்திருந்த ஒவ்வொருவரும் அதைப் போலீசில் பதிவு செய்து, எழுத்து மாதிரியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். யாராவது துண்டுப் பிரசுரம் அடித்தால் எந்த இயந்திரம் என்று கண்டுபிடிப்பதற்காக.

அங்கிருந்து பல்கலைக்கழகச் சதுக்கத்தை நோக்கி நடங்கள். வழியில் சில பழைய கட்டடங்களின் வாசலில் சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கும். நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று அரசு குறித்து வைத்தவை. இது வெறும் எச்சரிக்கைப் பலகை என்று கடந்துவிடாதீர்கள், இந்த நடையின் மையக் கதை இங்கேதான் ஆரம்பம். 1977 மார்ச் 4 இரவு வந்த நிலநடுக்கத்தில் 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்த நகரத்தில். 1971இல் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே சௌஷெஸ்குவுக்கு அந்த மாதிரி ஒரு தலைநகரம் வேண்டும் என்ற ஆசை. நிலநடுக்கம் அதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. நிலநடுக்கத்தில் விழாத வீடுகளையும் சேர்த்து இடிக்கத் தொடங்கினார்கள்.

பல்கலைக்கழகச் சதுக்கத்தில் சாலை நடுவே கல் சிலுவைகள் இருக்கும். 1989 டிசம்பர் 21 இரவு தடுப்பரண் போட்டு நின்ற இளைஞர்கள் சுடப்பட்ட இடம். அங்கே ஐந்து நிமிஷம் நின்றால் போதும், அதற்கு மேல் பேசத் தோன்றாது. அந்த டிசம்பரில் நாடு முழுக்க இறந்தவர்கள் 1,100க்கும் மேல்.

சரி, இங்கிருந்து யூனிரி சதுக்கம் வரை கொஞ்சம் நீளமான நடை. சாப்பாட்டுக் கதையைக் கேட்பதற்கு இதுதான் நேரம். எண்பதுகளில் வெளிநாட்டுக் கடன் முழுவதையும் அடைத்தே தீருவது என்று முடிவெடுத்து, விளைந்ததையெல்லாம் ஏற்றுமதி செய்தார்கள். ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன். கடையில் கிடைத்த பன்றிக் காலுக்கு ஜனங்கள் ‘அடிடாஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தானியங்களை வறுத்து அரைத்த காப்பித் தூளுக்குப் பெயர் ‘நெகெசோல்’, குதிரை கனைப்பதைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. தொலைக்காட்சி வார நாட்களில் இரண்டு மணி நேரம்தான், அதிலும் பெரும்பாலும் தலைவர்தான் வருவார், அதனால் இந்த ஊர்க்காரர்கள் ஆன்டெனாவைத் திருப்பி வைத்து, மொழி புரியாவிட்டாலும் பல்கேரியத் தொலைக்காட்சி பார்த்தார்கள். ‘அரசியல் எப்படி இருந்தது’ என்று கேட்டால் கைடு மனப்பாடம் செய்த பதிலைச் சொல்வார். ‘உங்கள் அம்மா எத்தனை மணிக்கு எழுந்து வரிசைக்குப் போவார்’ என்று கேளுங்கள், அப்புறம் நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை. வேலையும் வீடும் நிச்சயமாக இருந்ததே என்று ஏங்குகிற பெரியவர்களும் அங்கே உண்டு. நேர்மையான கைடு அதையும் மறைக்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். 1966இல் வந்த 770ஆம் ஆணை கருக்கலைப்பை ஏறத்தாழ முழுவதுமாகத் தடை செய்தது. திருட்டுத்தனமாகச் செய்துகொண்டதில் செத்துப்போன பெண்கள் ஏறத்தாழ 10,000 பேர் என்று கணக்கு. ஒவ்வொரு குடும்பத்திலும் இதைப் பற்றி ஏதோ ஒன்று இருக்கும். கைடு தானாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

யூனிரி சதுக்கத்திலிருந்து பார்த்தால் அகன்ற சாலையின் முடிவில் மாளிகை தெரியும். நேராகப் போகாதீர்கள்! சாலையின் இரு பக்கமும் சுவர் போல நிற்கிற பெரிய அடுக்குமாடிகளுக்குப் பின்னால் நுழையுங்கள். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் தவறவிடுவது இந்தப் பின்பக்கத்தைத்தான், எனக்கு இந்த நடையிலேயே மிகவும் பிடித்ததும் இதுதான். சப்பியென்ட்சேய் தெருவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே, காருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது போல மிஹாய் வோடா தேவாலயம் நிற்கிறது. 1591இல் கட்டப்பட்டது. முதலில் இது ஒரு மேட்டின் மேல் இருந்தது. மேட்டையும் சுற்றியிருந்த மடத்தையும் அழிக்க உத்தரவு வந்தபோது, எவுஜெனியு இயோர்டகெஸ்கு என்ற பொறியாளர் தேவாலயத்தை அப்படியே நகர்த்தலாம் என்றார். அடியில் அஸ்திவாரத்தை அறுத்து, கான்கிரீட் சட்டம் கட்டி, ஜாக்கியால் தூக்கி, தண்டவாளத்தில் ஏற்றி, 1985இல் 289 மீட்டர் தள்ளிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஹோட்டலில் பரிமாறுபவர் தட்டில் கண்ணாடித் தம்ளர்களைச் சிந்தாமல் கொண்டுபோவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம். இப்படி அவர் பல தேவாலயங்களைக் காப்பாற்றினார். காப்பாற்ற முடியாமல் போனவையும் பல. ஸ்ஃபின்டா வினேரி தேவாலயம் 1987இல் இடிக்கப்பட்டது, பிரின்கோவெனெஸ்க் மருத்துவமனை 1984இல்.

அந்திம் மடத்தையும் ஸ்கிதுல் மைச்சிலோர் தேவாலயத்தையும் அகன்ற சாலையின் மறுபக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பின்னால் தேடிப் பாருங்கள். வழியில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஓட்டு வீடுகளையும், முற்றத்துத் திராட்சைக் கொடியையும் பார்த்தால் இந்தப் பகுதி முழுக்க எப்படி இருந்திருக்கும் என்று பிடிபடும். சுமார் 40,000 பேரை இங்கிருந்து கிளப்பினார்கள். சாமான்களைக் கட்டக்கூடச் சரியாக நேரம் தரவில்லை. ஒதுக்கிய ஃபிளாட்டில் நாய்க்கு இடமில்லை என்று பலர் வளர்த்த நாயைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பிற்காலத்தில் இந்த நகரத்தின் தெருநாய்ப் பிரச்சினை உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்போது சந்திலிருந்து வெளியே வாருங்கள். எதிரே மாளிகை. 84 மீட்டர் உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். 1984 ஜூனில் அடிக்கல் நாட்டி, மூன்று ஷிஃப்டாக ஆட்களை நிறுத்திக் கட்டினார்கள், அந்தக் குளிர்காலங்களில் ஊரில் வீடுகளுக்குச் சூடேற்ற எரிவாயு சரியாக வரவில்லை. தலைமைக் கட்டடக் கலைஞர் அன்கா பெட்ரெஸ்கு என்ற பெண், அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. பின்னாளில் அவரே உறுப்பினராகி, தான் வரைந்த கட்டடத்துக்குள்ளேயே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். சௌஷெஸ்கு ஒரு நாள்கூட அங்கே குடியேறவில்லை, அவர் சாகும்போது கட்டடம் முடியவில்லை. உள்ளே போகிற நேரத்தை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சுற்றுச்சுவர் நீளமானது, வாசலைத் தேடி நடக்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். உள்ளே இருக்கிற கைடு எத்தனை டன் பளிங்கு, எத்தனை விளக்கு என்று அடுக்கிக்கொண்டே போவார். நீங்கள் ஜன்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, இப்போது நடந்து வந்த அந்தச் சந்துகள் எந்தப் பக்கம் என்று தேடுங்கள்.

மறுநாள் நேரம் இருந்தால் வடக்கே சௌஷெஸ்கு குடும்பம் வாழ்ந்த பிரிமவெரி வீட்டைப் பார்க்கலாம், 2016இலிருந்து திறந்திருக்கிறது, அதற்கும் முன்பதிவு வேண்டும். அவர்களுடைய கல்லறை கென்செயா மயானத்தில். யாராவது பூ வைத்திருப்பார்கள்.

அன்றைக்கே திரும்புவதற்கு மாளிகைப் பக்கத்தில் இஸ்வோர் மெட்ரோ நிலையம் இருக்கிறது. யூனிரியில் மாறி பியாட்சா ரொமானாவில் இறங்குங்கள், அங்கே பிளாட்பாரம் விநோதமான அளவுக்கு ஒடுக்கமாக இருக்கும். மாணவர்கள் நடந்தால் நல்லது, இங்கே நிலையம் வேண்டாம் என்று எலெனா சொல்லிவிட்டதாகவும், பொறியாளர்கள் என்றைக்காவது தேவைப்படும் என்று யாருக்கும் சொல்லாமல் இடத்தைக் குடைந்து வைத்ததாகவும் ஊரில் சொல்வார்கள். லைன் ஓடத் தொடங்கியது 1987இல், இந்த நிலையம் மட்டும் 1988 நவம்பரில்தான் திறந்தது. ரயில் வரும்போது பிளாட்பார ஓரத்தில் நிற்காதீர்கள், தூண்களுக்கு நடுவில் வெட்டிய இடைவெளிக்குள் ஒதுங்கி நில்லுங்கள், அங்கே எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.