கிராந்த் எத்தான் ஏரிக்கு ஒருநாள் நடை: முதன்முறை செல்வோருக்கு

ரீயூனியன் தீவின் கிழக்கில், சேன் பெனுவாவிலிருந்து பிளேன் தே பால்மிஸ்த் ஊருக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 3-ஐ விட்டுச் சற்று உள்ளே சென்றால், செங்குத்தான மலைச்சரிவுகளுக்கு நடுவே கிராந்த் எத்தான் கிடக்கிறது. 'பெரிய குளம்' என்பது பெயரின் பொருள். முன்னொரு காலத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி இது. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து ஏரியைச் சுற்றித் திரும்ப ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஏற்றமும் அதிகமில்லை. ஆயினும் இந்தப் பாதையின் கடுமையைத் தூரம் தீர்மானிப்பதில்லை, மழையே தீர்மானிக்கிறது.

ஆகவே முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை புயலும் பெருமழையும் வரும் காலம் என்பதால், புதியவர்கள் மே முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில் செல்வது நல்லது. அப்போதும் காற்றை எதிர்கொள்ளும் கிழக்குப் பக்கம் முற்றிலும் உலர்ந்துவிடுவதில்லை. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். இத்தீவின் ஃபோக் ஃபோக் என்னுமிடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்திலேயே 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. எனவே செல்லும் நாளின் வானிலையை மட்டுமல்லாமல், அதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் பெய்த மழையையும் பிரெஞ்சு வானிலை அமைப்பான மெத்தேயோ பிரான்ஸின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் உயர்ந்தால் கரையோரப் பாதையே ஏரிக்குள் போய்விடும். சேன் தாந்த்ரேயிலிருந்து உறவினர்களுடன் நான் முதன்முறை சென்றபோது வானம் தெளிவாகத்தான் இருந்தது. பாதையைத்தான் காணவில்லை, பாதி வழியில் திரும்பினோம். பாதைகள் மூடப்பட்டுள்ளனவா என்பதை வனத்துறையின் அறிவிப்பிலும் முந்தின நாளே சரிபாருங்கள்.

அடுத்து, நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதைக்கு இரண்டரை மணி நேரம், பிரா தானெத் அருவிகள் வரை சென்று மீளக் கூடுதலாக ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என ஐந்து மணி நேரம் ஒதுக்கலாம். மலைச்சரிவில் முற்பகலிலேயே மேகம் திரளத் தொடங்கிவிடுவதால், காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்குவது உகந்தது. திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துவிட்டு, அருவி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பிவிடுங்கள். ஜூன் மாதத்தில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு அடியில் இருள் இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

பையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், மழைச்சட்டை, உலர்ந்த மாற்றுடை, தலைவிளக்கு, முதலுதவிப் பொருட்கள், முழுதாக மின்னேற்றிய கைப்பேசி ஆகியவை போதும். காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஈரமான வேர்களிலும் எரிமலைப் பாறைகளிலும் தேய்ந்த அடிப்பகுதி வழுக்கிவிடும். உணவுக்குப் புளிச்சோறு கெடாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வனபோசனத்துக்குப் பெரிய பானையோடு செல்வது நம் தீவின் வழக்கம்தான். ஆனால் அந்தப் பானை காரிலேயே இருக்கட்டும்.

ஏரியை அடைந்ததும் சுற்றத் தொடங்குமுன் கரையோரத்தைக் கவனியுங்கள். பாதை நீருக்குள் இறங்கினால், ஆழம் பார்க்க முயலாமல் வந்த வழியே திரும்புங்கள். அருவிக்குச் செல்லும் வழியில் ஓடையின் நீர் திடீரெனக் கலங்கினால், மேலே எங்கோ மழை பெய்கிறது என்று பொருள். உடனே ஓடையை விட்டு மேடேறிவிட வேண்டும். அருவிக்கு நேர் கீழே கல் விழக்கூடும் என்பதால் அங்கே அமர வேண்டாம். ஏரி நீரையும் ஓடை நீரையும் அப்படியே குடிக்காதீர்கள். இத்தீவில் எலிக்காய்ச்சல் உண்டு என்பதால், காலில் காயமுள்ளவர்கள் அவற்றில் இறங்காமலிருப்பதே சரி.

புறப்படுமுன் எந்த வழியில் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பள்ளத்தாக்கில் எல்லா இடத்திலும் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கும் என்று நம்ப முடியாது. அந்த நேரம் கடந்தும் தகவல் வராவிட்டால் 112-ஐ அழைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே காருக்குத் திரும்பியதும், சேற்றுக் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே அவரை அழைத்துவிடுங்கள்.