விறாந்தையில் வைத்தே தோடு, மாலையை வடிவாகப் படம் எடுக்கலாம்

பனையோலைத் தோடும் சுடுமண் மாலையும் செய்து விற்கிற பிள்ளைகள் பலர் "என்னட்டை நல்ல கமரா இல்லை" என்று படம் எடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். கையில் இருக்கிற போனே போதும். வெளிச்சத்தைச் சரியாக்கினால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இடம். வன்னி வெயிலில், காலை 10 மணிக்குப் பிறகு நகையை முற்றத்தில் வைத்தால் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப்போகும். விறாந்தையில், நேர் வெயில் விழாத இடத்தில் மேசையைப் போடுங்கள். முற்றம் கிரவல் என்றால் மேசையை இன்னும் உள்ளே தள்ளுங்கள். கிரவலில் பட்டு வருகிற வெளிச்சம் வெள்ளைக் கடதாசியைக்கூடச் செம்மையாகக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கிற நாள் கிடைத்தால் விடாதீர்கள். அன்றைக்கு முற்றத்திலேயே எடுக்கலாம்.

வெளிச்சம் ஒரு பக்கத்தால் வரட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் துண்டை நிறுத்தி, மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள். நகையின் இருண்ட பக்கம் வெளிப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் நிழல் முழுக்கப் போக விடாதீர்கள். ஓலைத் தோட்டில் ஓர் இழை மேலேறி அடுத்தது கீழே இறங்கும் இடத்தில் மயிர் அளவு நிழல் ஒன்று இருக்கும். பின்னலைக் காட்டுவது அதுதான். அது போனால் தோடு வெறும் மஞ்சள் வட்டம்.

மின்குமிழை அணைத்துவிடுங்கள். மஞ்சள் குமிழின் கீழ் வெள்ளை மணி மாலை ஒன்றைப் படம் எடுத்துப் போட்டேன். வாங்கியவர் சந்தன நிறம் என்று நம்பியிருந்தார். மாலை திரும்பி வந்தது.

பின்னணிக்கு, வெள்ளைக் கடதாசியைச் சுவரில் ஒட்டி மேசைமேல் வளைந்து இறங்க விடுங்கள், பின்னால் கோடு தெரியாது. வெளிர் நிற ஓலைத் தோட்டுக்குப் பழைய முதிரைப் பலகை எடுப்பாக இருக்கும். ஓலைப்பாய் வேண்டாம், பாயின் பின்னல் தோட்டின் பின்னலை விழுங்கிவிடும்.

இனி எடுக்கலாம். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். நகையில் இருக்கிற தூசியைச் சின்னத் தூரிகையால் தட்டுங்கள், கிட்டத்தில் ஒவ்வொரு துகளும் தெரியும். போனை மூக்குமுட்டக் கொண்டுபோனால் படம் மங்கும். சற்றுத் தள்ளி வைத்து 2 மடங்கு பெருப்பியுங்கள். புத்தக அடுக்கில் போனைச் சாய்த்து, 3 வினாடி டைமர் போட்டால் கை நடுக்கம் படத்தில் வராது.

திரையில் நகையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், குவியம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். வெள்ளைக் கடதாசி சாம்பலாகத் தெரிகிறதா? வெள்ளை நிறைந்த காட்சியை போன் தானாகவே மங்கலாக்கும். விரலை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கடதாசி வெளுக்கும்போது மணியின் கீறல்களும் தெரிய வேண்டும், அதுதான் அளவு.

பித்தளை மணி என்றால் உங்கள் சட்டை நிறம்வரை அதில் தெரியும். வெள்ளை மட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதனூடாக எடுங்கள்.

ஒரு நகைக்கு 4 படம்: முழுவதும், கிட்டத்தில், பின்பக்கக் கொக்கி, காதில் போட்டபடி. பருமன் தெரிவது கடைசிப் படத்தில்தான், அதைத் தவறவிடாதீர்கள். வாங்குபவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, பின்னலை மங்கலாக்கிவிடும்.