ஹேண்டில் உதறுதா? கோன் செட்ட இப்படி செக் பண்ணுங்க

ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டில 60-ல போயி ஆக்சிலேட்டர விட்டதும் 50, 40-க்கு நடுவுல ஹேண்டில் படபடன்னு உதறுதுன்னா உடனே ஃபோர்க்க (முன் வீல பிடிச்சிருக்குற ரெண்டு குழாய) பிரிக்க சொல்லாதீங்க, முதல்ல காத்து பாருங்க. முன்னாடி 25 psi, ஒரு ஆளுக்கு பின்னாடி 28 psi, டயர் சூடாகுறதுக்கு முன்னாடியே பாக்கணும். முன் டயர கையால தடவிப் பாருங்க, மேடு பள்ளமா தேஞ்சிருந்தா பாதி காரணம் அங்கயே இருக்கு.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற தண்டுல மேலயும் கீழயும் இருக்குற பேரிங், பெரும்பாலும் இதுதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின்னாடி ஒருத்தர உக்கார வச்சு முன் வீல தூக்குங்க. ஃபோர்க்கோட அடிப்பக்கத்த ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்ன பின்ன இழுத்தா டக் டக்னு ஆட்டம் இருந்தா லூசு. ஹேண்டில மெதுவா திருப்பும்போது நேரா வர்ற இடத்துல குழில விழுந்த மாதிரி நின்னு வந்துச்சுன்னா ரேஸ் (பேரிங் குண்டு உருள்ற வளையம்) குழிஞ்சிருச்சு, அத டைட் பண்ணி ஓட்டவே கூடாது, மேல கீழ ரெண்டையும் செட்டா மாத்திருங்க. லூசு மட்டும்னா டைட் வைக்கலாம், ஆனா ஓவரா வச்சா மெதுவா போறப்ப வண்டி பாம்பு மாதிரி நெளியும், ஹேண்டில் தன் வெயிட்லயே ரெண்டு பக்கமும் விழணும், ஆட்டமும் இருக்கக்கூடாது.

அதுவும் சரின்னா ரிம் பெண்டு, ஸ்போக், வீல் பேரிங். பின்னாடி ஸ்விங் ஆர்ம் (பின் வீல தாங்குற கை) புஷ் தேஞ்சு போனாலும் கைல தெரியும், அதையும் விட்றாதீங்க.

ஓடும்போது உதறினா முன் பிரேக்க அழுத்தாதீங்க, ஹேண்டில இறுக்கிப் பிடிக்காதீங்க, டேங்க முட்டியால அணைச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர மெதுவா குறைங்க.