சின்ன எண்ணெய்த் தேடல் கம்பெனியில் பங்கு வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

எண்ணெய் தேடும் சின்னக் கம்பெனிகளின் பங்கை வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கிணற்றில் எண்ணெய் இருக்குமா?" என்றுதான். நானும் பல வருடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், நில அதிர்வு வரைபடங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, என்னமோ நிலவியல் படித்தவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு. துளை போடும் கம்பெனிக்கே அது தெரியாது, தெரிந்தால் ஏன் துளை போடப் போகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து நம்மால் கண்டுபிடிக்க முடிந்தது ஒன்று உண்டு: எண்ணெய் வந்தால் என் ஒரு பங்குக்கு அதில் எவ்வளவு சேரும்? அதற்கு ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு கல்ஃப் கீஸ்டோன் கதையைச் சொல்ல வேண்டும். லண்டனில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் ஷைகான் வயலை 2009ல் கண்டுபிடித்தார்கள். உண்மையான எண்ணெய், பெரிய வயல். 2012 தொடக்கத்தில் பங்கு 4 பவுண்டைத் தாண்டியது, யாரோ பெரிய ஆள் வாங்கப் போகிறான் என்று பேச்சு வேறு. அப்புறம் கடன், தாமதமாக வந்த ஏற்றுமதிப் பணம், எண்ணெய் விலைச் சரிவு. 2016ல் 50 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைப் பங்குகளாக மாற்றினார்கள். புதிதாகப் பணம் போடாத பழைய பங்குதாரர்கள் கையில் கம்பெனியில் மிஞ்சியது 5 சதவீதம். எண்ணெய் அங்கேயேதான் இருந்தது, அது யாருடையது என்பதுதான் மாறிப்போனது.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் அறிவிப்பில் இருக்கும் பீப்பாய் எண்ணிக்கை எந்த வகை என்று பாருங்கள். 'ஆயில் இன் ப்ளேஸ்' என்றால் பாறைக்குள் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பீடு, அதில் வெளியே எடுக்க முடிவது ஒரு பகுதிதான். 'ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்ஸஸ்' என்றால் இன்னும் துளையே போடவில்லை, இருந்தால் இவ்வளவு இருக்கலாம் என்கிறார்கள். 'கன்டின்ஜென்ட்' என்றால் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் லாபமாக எடுக்க ஏதோ ஒன்று தடையாக நிற்கிறது. 'ரிசர்வ்ஸ்' என்ற சொல் வந்தால்தான் இன்றைய நிலையில் எடுத்து விற்கலாம் என்று பொருள். இந்த நான்கையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வாங்குகிறவர்கள்தான் விற்கிறவர்களுக்குப் பிடித்த ஆட்கள்.

இங்கிலாந்தில் காட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்ஸ் ஹில் என்று ஒரு கிணறு. 2015 ஏப்ரலில் அந்த வட்டாரத்துப் பாறையில் 10,000 கோடி பீப்பாய் இருக்கலாம் என்று செய்தி வந்து, அந்தக் கிணற்றை வைத்திருந்த கம்பெனியின் பங்கு பறந்தது. அந்த எண் வீல்ட் படுகை என்ற பெரிய பாறைப் பரப்பு முழுவதற்கும் போட்டது. கம்பெனியின் உரிமம் அதில் ஒரு சிறு துண்டு. போதாததற்கு அது 'இன் ப்ளேஸ்' எண், எடுக்க முடிவது 3 முதல் 15 சதவீதம்தான் என்று அவர்களே சொன்னார்கள். தலைப்பில் 10,000 கோடி, மற்றதெல்லாம் கீழே எங்கோ ஒரு வரியில்.

இப்போது ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அறிவிப்பில் 10 கோடி பீப்பாய் 'ப்ராஸ்பெக்டிவ்'. உரிமத்தில் கம்பெனியின் பங்கு 20 சதவீதம், ஆக அவர்களுக்கு 2 கோடி பீப்பாய். வெற்றி வாய்ப்பு 18 சதவீதம் என்று சுயேச்சை மதிப்பீட்டாளர் அறிக்கையில் இருக்கிறது (இந்த எண்ணை எங்கும் போடாத கம்பெனியை அப்படியே மூடி வைத்துவிடுங்கள்). கண்டுபிடிப்பு உறுதியானால் தரைக்கடியில் இருக்கும் ஒரு பீப்பாய்க்கு 5 டாலர் மதிப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சந்தை விலை இதைவிடப் பல மடங்காயிற்றே என்று கேட்காதீர்கள். அதை எடுக்கும் செலவு, வரி, அரசின் பங்கு, இன்னும் ஏழெட்டு வருடக் காத்திருப்பு எல்லாம் கழித்தால் இவ்வளவுதான் மிஞ்சும்.

வெற்றி என்றால் 10 கோடி டாலர். இன்று வெளியில் 120 கோடி பங்குகள், விலை இரண்டரை சென்ட். 10 கோடியை 120 கோடியால் வகுத்தால் எட்டு சென்டுக்கு மேல் வருகிறது, மூன்று மடங்கு! இந்த இடத்தில்தான் பலரும் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு வாங்கப் போய்விடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். துளை போட அவர்கள் பங்குக்கு 60 லட்சம் டாலர் வேண்டும், கையிருப்பு ஏறக்குறைய காலி. எங்கிருந்து வரும்? புதுப் பங்கு அச்சடித்துத்தான். அதுவும் இரண்டரை சென்டுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். தள்ளுபடி கொடுத்தும் போதாமல் பேரம் இழுத்துக்கொண்டே போய் கடைசியில் ஒரு சென்டுக்கு 60 கோடி பங்கு விற்றார்கள் என்று வையுங்கள். ஆக மொத்தம் 180 கோடி பங்கு. இப்போது வெற்றி பெற்றால் ஒரு பங்குக்கு ஐந்தரை சென்ட், தோற்றால் ஏதோ கால் சென்ட். 18 சதவீதம் ஐந்தரை, 82 சதவீதம் கால்: கூட்டிப் பார்த்தால் ஒன்றே கால் சென்ட் கூட வராது. இரண்டரை கொடுத்து அதைத்தான் வாங்குகிறீர்கள். இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் என் முதல் ஐந்து முதலீடுகளில் நான்கு நடந்தே இருக்காது.

அதனால் நான் இப்போது முதலில் திறப்பது காசோட்ட அறிக்கையை. கையில் எவ்வளவு, மாதம் எவ்வளவு கரைகிறது, எத்தனை மாதம் தாங்கும்? அடுத்தது, நிலுவையில் இருக்கும் வாரண்ட்களும் ஆப்ஷன்களும், அதாவது குறித்த விலைக்குப் பின்னாளில் புதுப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமைகள். அவையெல்லாம் நாளைய பங்குகள், வகுக்கும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். புதுப் பங்கு வெளியிட அனுமதி கேட்டு கூட்டம் கூட்டுகிறார்களா, திடீரென்று நல்ல செய்தியாக வாரத்துக்கு ஒன்று வருகிறதா, தலைவர் எல்லா இடத்திலும் பேட்டி கொடுக்கிறாரா? பணம் திரட்டப் போகிறார்கள். மழைக்கு முன் எறும்பு ஊர்வது மாதிரி, ஏறக்குறைய தப்புவதே இல்லை.

எனக்கு நம்பிக்கை தரும் அறிகுறி ஒன்றே ஒன்று: பெரிய கம்பெனி உள்ளே வந்து, உரிமத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, துளைச் செலவு முழுவதையும் தானே ஏற்பது. இதை 'ஃபார்ம் இன்' என்பார்கள். பங்கு சதவீதம் குறைந்துவிட்டதே என்று சிலர் அன்று விற்பார்கள், அது தவறு. நம் செலவை இன்னொருவன் ஏற்கிறான், அதோடு நம்மைவிட நன்றாக வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவன் தன் காசைப் போடுகிறான். ஆனால் அவன் உண்மையிலேயே காசு போடுகிறானா, அல்லது 'போடலாம் என்ற விருப்பம்' மட்டுமா என்று ஒப்பந்த வரியைப் படித்துவிடுங்கள்.

துளை ஓடும்போது வரும் அறிவிப்புகளுக்குத் தனி அகராதி வேண்டும். ஒரு முறை "ஹைட்ரோகார்பன் அறிகுறிகள் தென்பட்டன" என்ற வரியைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வாங்கினேன். அறிகுறி என்றால் சேற்றோடு மேலே வந்த கல் துணுக்கில் எண்ணெய்த் தடம், அவ்வளவுதான். பிசுக்கு ஒட்டிய பாத்திரத்தைப் பார்த்து குடம் நிறைய எண்ணெய் இருக்கிறது என்று நினைத்த கதை. எத்தனை மீட்டர் 'நெட் பே' (எண்ணெய் தரக்கூடிய பாறையின் தடிமன்), பாறை தன் ஊடே எண்ணெயை எவ்வளவு எளிதாக ஓடவிடும், சோதனையில் நாளொன்றுக்கு எத்தனை பீப்பாய், எத்தனை மணி நேரம் ஓடியது, கூடவே எவ்வளவு தண்ணீர் வந்தது? இவை எதுவும் இல்லாத அறிவிப்பில் செய்தியே இல்லை.

லாக் பதிவு (கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறையை அளந்த பதிவு) மட்டும் வந்திருந்தாலும் அவசரப்படாதீர்கள். ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே துளையிட்ட டிசயர் பெட்ரோலியம் 2010 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் கிடைத்ததாக அறிவித்தது, பங்கு எகிறியது. திங்கட்கிழமை, பெரும்பாலும் தண்ணீர்தான் என்றார்கள். வார இறுதி முழுக்கக் கனவில் பங்களா கட்டியவர்கள் அன்று காலை என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று 'ஸ்டாப் லாஸ்' (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆணை) போட்டிருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. லண்டனில் இந்த மாதிரி அறிவிப்பு காலை 7 மணிக்கு வரும், வர்த்தகம் தொடங்குவது 8 மணிக்கு. நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேரத்திலேயே விலை பாதாளத்துக்குப் போயிருக்கும், நீங்கள் குறித்து வைத்த விலைக்கு வாங்க ஆளே இருக்காது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சாதாரணமல்ல: 1.2க்கு வாங்கி 1.0க்குத்தான் விற்க முடியும் என்றால், வாங்கிய நிமிடமே ஆறில் ஒரு பங்கு போயாயிற்று. போனாலும் தூக்கம் கெடாத அளவுக்கு மட்டும் போடுங்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

எப்போது விற்பது? துளை தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் ஆசையால் விலை ஏறுவது வழக்கம், அந்த ஏற்றத்தில் பாதியை விற்றுவிடுவேன். ஒரு தடவை விற்ற பத்தாவது நாள் நல்ல எண்ணெய் வந்து பங்கு இரு மடங்கானது. அன்று முழுக்க வயிறு எரிந்தது, யாரோடும் பேசவில்லை. அடுத்த வாரமே கம்பெனி, வயலை மேம்படுத்தப் பணம் வேண்டும் என்று அந்த விலைக்கு மூன்றில் ஒரு பங்கு கீழே புதுப் பங்கை வெளியிட்டது.