மாங்கனீசு டைஆக்சைடு படலம்: நுண்துளைகளைக் காக்கும் முறை

மின்னாற்றலைச் சேமித்து விரைந்து வெளிவிடும் சூப்பர் கெப்பாசிட்டருக்கான மாங்கனீசு டைஆக்சைடு படலத்தை மின்படிவு முறையில், அதாவது கரைசலில் மின்னோட்டம் செலுத்திப் படிய வைத்து, உருவாக்குவது கடினமன்று. அதன் நுண்துளைகள் உலரும்போது சிதையாமல் காப்பதும், கடற்காற்றின் ஈரம் நிறைந்த புதுச்சேரியில் அதன் எடையைச் சரியாகக் காண்பதுமே மிகுந்த கவனத்தைக் கோருபவை.

முதலில் தண்ணீர். நேர்முனையாக இணைக்கப்படும் எவர்சில்வர் தகட்டைக் குளோரைடு குழிகுழியாக அரித்துவிடும் என்பதால், கரைசலுக்கு அயனி நீக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும். சோதனைக் குழாயில் எடுத்த நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டு, கறுப்புத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் அதில் குளோரைடு இருக்கிறது; அந்த நீர் உதவாது.

304 வகை எவர்சில்வர் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனிலும் எத்தனாலிலும் கழுவி, உலர்த்தி எடை போடவும். மாங்கனீசு அசிட்டேட்டும் சோடியம் சல்பேட்டும் தலா 0.1 மோலார் கலந்த கரைசலில், கிராஃபைட்டை எதிர்முனையாக வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லி ஆம்பியர் வீதம் 10 நிமிடம் மின்னோட்டம் செலுத்தினால் கரும்பழுப்புப் படலம் படியும். மின்னோட்டத்தை மிகவும் கூட்டினால் ஆக்சிஜன் குமிழ்கள் எழுந்து படலத்தை உரித்துவிடும். மின்னூட்டம் முழுவதும் படிவுக்கே செலவானால் ஒரு கூலூமுக்கு ஏறத்தாழ 0.45 மில்லிகிராம் ஆக்சைடு கிடைக்கும். மீதமாகும் கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்த்து வையுங்கள்.

அடுத்து உலர்த்துதல். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லி நியூட்டன். எத்தனாலுக்கு 22 மட்டுமே. துளைக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போது அந்த இழுவிசை துளைச்சுவர்களை ஒன்றோடொன்று இழுத்து நொறுக்குவதால், படலத்தை நீரில் அலசிய பிறகு எத்தனாலில் சிறிது நேரம் மூழ்க வைத்து, நீரை எத்தனாலால் மாற்றிய பின்னரே காய விடுவது நல்லது. பிறகு உலையில் மெதுவாக 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். 500 டிகிரியைத் தாண்டினால் மாங்கனீசு டைஆக்சைடு ஆக்சிஜனை இழந்து வேறு ஆக்சைடாக மாறத் தொடங்கும்.

துளை மிகுந்த படலம் காற்றின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தராசின் எண் கண்ணெதிரே ஏறுவதைக் காணலாம். எனவே சிலிக்கா ஜெல் இட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலன்) ஆறவைத்து, வெளியே எடுத்தவுடன் எடை போடவும்.

கடைசியாக, படலத்தைச் சோதிக்க, 1 மோலார் சோடியம் சல்பேட் கரைசலில், சில்வர்–சில்வர் குளோரைடு முனையை ஒப்பீட்டு முனையாக வைத்து, 0 முதல் 0.8 வோல்ட் வரை சுழற்சி வோல்ட்டா வரைபடம் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதியும் வரைபடம்) எடுக்கவும். அது செவ்வகத்தை ஒத்திருந்தால் படலம் நன்றாக அமைந்துள்ளது. சாய்ந்து மெலிந்திருந்தால் பெரும்பாலும் படலத்தின் தடிமனோ தொடர்பு முனையின் மின்தடையோ காரணம். கம்பி இணைப்பைச் சரிபார்த்தபின், படிவு நேரத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் செய்யவும்.